வீட்டுக்குள்ளே ஒரு பட்டறை

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பம் போட்ட சங்கத்தின் முழுப்பெயர் கொஞ்சம் நீளம்: திண்டுக்கல் பூட்டு, ஹார்டுவேர், ஸ்டீல் பர்னிச்சர் தொழிலாளர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். பூட்டு ஊருக்கே தெரியும். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஸ்டீல் பர்னிச்சரை யாரும் பேசுவதில்லை. மேசை, நாற்காலி, பீரோ, அதைப் பூட்ட ஒரு பூட்டு என்று ஓர் ஆபீஸ் அறைக்கு வேண்டிய கனத்த சாமான் அத்தனையும் செய்யத் தெரிந்த ஊர் இது. அந்த ஊரில்தான் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் தலையணை, தலையணை மேல் லேப்டாப் என்று எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறது ஒரு தலைமுறை.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்ததும் சென்னை ஓ.எம்.ஆரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் ஊர் வந்து சேர்ந்தார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கான துணிமணியோடு வந்தவர்கள் இரண்டு வருடம் இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 5 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்தி, கால்சென்டர் மாதிரியான வேலைகளையும் வீட்டிலிருந்தே நிரந்தரமாகச் செய்யலாம் என்றது. அப்புறம் பல கம்பெனிகள் ஆபீசுக்குக் கூப்பிட்டன. இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே, மீதி இங்கே என்று ஓடுகிறது. ஞாயிறு ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் முதுகுப்பையோடு ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். இவர்கள் தவிர ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் டீச்சர்கள், வீட்டு முன்னறையில் வரிக்கணக்கு பார்ப்பவர்கள், வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் பெண்கள் என்று ஒரு பெரிய கூட்டம் வீட்டையே ஆபீஸாக வைத்திருக்கிறது.

ஆனால் வீட்டில் வேலை என்பது இந்த ஊருக்கு என்ன புதிதா? பூட்டுத் தொழிலும் நெசவும் திண்ணைக் கணக்கும் வீட்டுக்குள்தான் நடந்தன. எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில், எந்த உயரத்தில் உட்கார்ந்தால் உடம்பு தாங்கும் என்று பார்த்து அவர்கள் வீட்டில் வேலைக்கு இடம் ஒதுக்கினார்கள். நாம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய மூலையில் வேலையை வைத்திருக்கிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தக் காலத்து வீட்டு ஆபீஸ்

சின்னாளபட்டியில் ஒரு குழித்தறியைக் கிட்டே போய்ப் பாருங்கள். நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். கால் இரண்டும் குழிக்குள், மிதிபலகையின் மேல். நெய்த துணி அவருடைய முழங்கைக்கு நேராக, மடிக்குச் சற்று மேலே சுருண்டுகொண்டு வரும். கையைத் தூக்கவும் வேண்டாம், தோளைக் குறுக்கவும் வேண்டாம். பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக ஜன்னலையோ வாசலையோ பக்கவாட்டில் வைத்துத்தான் தறி போடுவார்கள். முன்னால் ஜன்னல் இருந்தால் கண் கூசும்; பின்னால் இருந்தால் தன் நிழலே துணியில் விழும். இன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் முறை பற்றி எந்த டாக்டரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்: முழங்கை மடங்கும் உயரத்தில் கீபோர்டு, பக்கவாட்டில் வெளிச்சம்.

இதற்காகத் தறியை ரொம்பப் புகழ்ந்துவிடவும் கூடாது. நாள் முழுக்க மிதித்தவர்களின் முட்டியையும் இடுப்பையும் கேட்டால் வேறு கதை சொல்லும். உட்காரும் முறை சரியாக இருந்தாலும் உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு ஆகாது. அது தறிக்கும் லேப்டாப்புக்கும் பொது.

நாகல் நகர்ப் பக்கத்துப் பூட்டுப் பட்டறைகளில் இன்னொரு பாடம் இருக்கிறது. அரம், சுத்தி, வைஸ், லீவர் வெட்டும் தகடு எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கைநீட்டும் தூரத்தில் இருக்கும். அடிக்கடி எடுப்பது வலது கைப் பக்கம், எப்போதாவது எடுப்பது சுவரோரம். மாங்காய்ப் பூட்டோ, வேறு சாவி போட்டால் மணியடிக்கும் பெல் பூட்டோ, ஒவ்வொன்றுக்கும் சாவியைக் கையால் ராவி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் எழுந்து சாமான் தேடினால் கை மறந்துவிடும். நம் மேசையிலோ சார்ஜர் ஒரு அறையில், ஹெட்செட் ஒரு அறையில், நோட்டு எங்கேயோ.

கிராமங்களில் கர்ணம் வீடு இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பரம்பரையாக வந்த கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்து, வி.ஏ.ஓ.க்களைக் கொண்டுவரும் வரைக்கும், ஊர் நிலத்தின் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் எழுதப்பட்டது. தலைக்கு மேல் ஓடு, மூன்று பக்கம் காற்று, நேரே அடிக்காத வெளிச்சம். முன்னால் சரிவான மூடி போட்ட கணக்குப் பெட்டி: மூடியின் மேல் வைத்து எழுத்து, உள்ளே காகிதம், பக்கத்தில் மைக்கூடு. அந்தச் சரிவினால் கழுத்து குனியும் அளவு குறையும். இன்று ஆன்லைனில் வாங்கும் லேப்டாப் ஸ்டாண்டும் இதே கணக்கில்தான் சரித்து வைக்கப்படுகிறது.

திண்ணையின் இன்னொரு சௌகரியம், கணக்குப் பார்க்க வந்தவர் வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. வக்கீல் வீடுகளிலும் டாக்டர் வீடுகளிலும் முன்னறையை வேலைக்கு என்று விட்டதும் இதற்காகத்தான். நம் மாவட்டத்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு.செல்லப்பா 1959 ஜனவரி முதல் 1970 வரை ‘எழுத்து’ பத்திரிகையைத் திருவல்லிக்கேணி வீட்டிலிருந்துதான் நடத்தினார். 119 இதழ்கள். தமிழில் புதுக்கவிதை காலூன்றியது ஒரு வீட்டு ஆபீஸில் என்று சொன்னால் மிகையில்லை.

எந்த அறை?

வீட்டைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம். சிறுமலைக்கும் பழனிமலைக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளியில் மாசி கடைசியிலேயே வெயில் ஏற ஆரம்பித்துவிடும். ஆகவே முதல் கேள்வி, எந்த அறை, எப்போது சூடாகிறது?

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெயிலை வாங்கி, ஐந்தாறு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே கக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேற்குச் சுவர் வாங்கும் சூடு, ராத்திரி எட்டு மணிக்கு அறைக்குள் வந்து நிற்கும். பகல் ஷிப்ட் பார்ப்பவருக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. அவர் ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிவிடுவார். அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர் நிலைமை வேறு. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை. அவர் வேலையில் உட்காரும் அதே நேரத்தில் மேற்குச் சுவர் அடுப்பாகிறது. அவருக்குக் கிழக்கு அறைதான் சரி. காலையில் வாங்கிய சூடு சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் தணிந்திருக்கும். பகல் வேலைக்காரருக்கு வடக்கு அறை கிடைத்தால் ராஜயோகம்: நாள் முழுக்க வெளிச்சம், நேர் வெயில் மட்டும் அதிகம் வராது. வேலை நேரத்தைக் கேட்காமல் அறை ஒதுக்கும் வீடுகள்தான் அதிகம்.

மொட்டைமாடி ரூமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “மேல ரூம் சும்மாதானே கிடக்கு, அங்க உக்காந்து பாருப்பா” என்று எல்லா வீட்டிலும் ஒரு யோசனை வரும். நாலு பக்கச் சுவரும், மேலே நாலைந்து அங்குல கான்கிரீட்டும் வெயிலில் நிற்கும் அறை அது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் மர உத்தரம், செங்கல் அடுக்கு, சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டோடு என்று கனமான கூரை சூட்டை உள்ளே விட யோசிக்கும். வெறும் கான்கிரீட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேறு வழியில்லை, மேலேதான் என்றால் முதல் செலவை அறைக்குள் செய்யாதீர்கள், மாடியில் செய்யுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பையோ கூலிங் பெயின்ட்டையோ இரண்டு கோட் அடியுங்கள், அல்லது வெள்ளை டைல்ஸ் பதியுங்கள். கீற்றுப் பந்தல் போட்டாலும் பலன் உண்டு. ஆடிக்காற்றுக்கு அதை இழுத்துக் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே போடும் திரை பாதிப் பலன்தான். வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்னாலேயே தடுக்க வேண்டும்: வெளியே ஒரு மூங்கில் தட்டி, சன்ஷேடு, இல்லையென்றால் ஒரு வேப்பமரம்.

வாஸ்து பார்ப்பவர்கள் வடக்கு அல்லது கிழக்கு பார்த்து உட்காரச் சொல்வார்கள். உட்காருங்கள், சண்டையில்லை. ஆனால் அந்தத் திசையில் பெரிய ஜன்னல் இருந்து, அதன் முன்னால் ஸ்கிரீனை வைத்தால், ஸ்கிரீனைவிட ஜன்னல் பளிச்சென்று இருக்கும். கண் இரண்டுக்கும் நடுவே தவித்துச் சாயங்காலத்துக்குள் தலைவலி வந்துவிடும். ஜன்னல் இடது அல்லது வலது தோளுக்கு நேராக வரும்படி மேசையைத் திருப்புங்கள். திசையும் கெடாது, கண்ணும் கெடாது.

மேசையின் காலை வெட்டலாம்

கடையில் கிடைக்கும் மேசை, சாப்பாட்டு மேசை, ஸ்டீல் மேசை எல்லாம் ஏறக்குறைய 30 அங்குல உயரம். ஐந்தே முக்கால் அடி ஆளுக்கு அது பொருந்தும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு, பாதம் தரையில் படிய உட்கார்ந்தால் முழங்கை 24, 25 அங்குலத்தில்தான் வரும். இடையில் ஐந்து அங்குலம். அந்த ஐந்து அங்குலத்தை ஈடுகட்ட அவர் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்கிறார். ராத்திரி கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு, ‘வயசாயிடுச்சு போல’ என்கிறார். வயதாகவில்லை. மேசை உயரம்.

பழைய டைப் இன்ஸ்டிட்யூட்டுகளில் இது தெரிந்திருந்தது. அங்கே மெஷின் வைத்த மேசை எழுதும் மேசையைவிடத் தாழ்வாக இருக்கும். கை தொங்கும் உயரத்தில் சாவிகள் வர வேண்டும் என்பது கணக்கு. லோயர், ஹையர் பாஸ் பண்ணிய அம்மாக்கள் பல வீட்டில் இருப்பார்கள். மகள் உட்கார்ந்திருக்கும் லட்சணத்தை அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வார்த்தையே “நிமிந்து உக்காரு” என்றுதான் வரும்.

இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, நாற்காலியை உயர்த்திக்கொண்டு, தொங்கும் காலுக்கு அடியில் அதே உயரத்துக்கு ஒரு பலகை. பரணில் கிடக்கும் பழைய மணை இதற்கு அருமையாகப் பொருந்தும். இன்னொன்று, மரமேசை என்றால் ஆசாரியைக் கூப்பிட்டு மேசைக்காலை வெட்டிவிடுவது. காசு கொடுத்து வாங்கிய மேசையை வெட்டுவதா என்று வீட்டில் ஒரு சத்தம் வரும். ரவிக்கைக்கு அளவெடுக்காமல் தைப்போமா? மேசைக்கும் ஆளை உட்கார வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும். புதிதாகச் செய்வதென்றால் வேம்பு நல்ல மரம், கரையான் கிட்டே வராது. இடம் குறைவான வீட்டில் சுவரில் பதித்த கடப்பாக்கல்லே மேசையாகலாம். அலமாரித் தட்டுக்குப் போடும் அதே கல்தான்; கொஞ்சம் அகலமாக, இரண்டடி வாங்கினால் போதும். விளிம்பை மழுக்கச் சொல்லுங்கள், மேலே ஒரு கோரைப்பாய்த் துண்டு விரியுங்கள். இல்லையென்றால் மணிக்கட்டு கல்லின் விளிம்பில் அழுந்தி நரம்பு மரத்துப்போகும்.

கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கு நாற்காலிக்குப் போகட்டும். ரெக்சின் உறை போட்ட ‘பாஸ் சேர்’ கடையில் மினுமினுக்கும். சித்திரை மாதம் அதில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். வலைத்துணி முதுகு உள்ளது பரவாயில்லை. இந்தச் சீமைக்கு என் ஓட்டு பிரம்புக்கோ ஒயருக்கோதான். அரசு ஆபீஸ்களில் ‘எஸ்’ வடிவ இரும்புக் குழாய் வளைத்துப் பிரம்பு பின்னிய நாற்காலிகள் இருந்தன, பிரம்பு தளர்ந்தால் பார்வையற்ற கைவினைஞர்கள் வந்து மறுபடி பின்னிக் கொடுப்பார்கள். காற்று அடியிலும் முதுகிலும் புகுந்து போகும் அந்த நாற்காலிக்கு இணையாக இந்த வெயிலுக்கு வேறொன்று வரவில்லை. பிளாஸ்டிக் சேர்தான் இருக்கிறது என்றால், இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். சும்மா சொல்லவில்லை, பாதி வலி குறையும்.

லேப்டாப்பை அப்படியே மேசையில் வைத்தால் ஒன்று கழுத்து குனியும், அல்லது கை தூக்கும். ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்ததன் வினை. ஸ்கிரீனின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்வரை அடியில் புத்தகம் அடுக்கி, கீபோர்டும் மவுஸும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும்.

கரண்ட் போகும் நாள்

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகத் துணைமின் நிலையத்தை நிறுத்துவார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை என்று பேப்பரில் பெட்டிச் செய்தி வரும். வேலையும் அதே நேரம்தான். இதைத் தாண்டுவதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, இன்வெர்ட்டர் விற்கும் கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரி என்றால் 1,800 வாட்-ஹவர். இன்வெர்ட்டரில் வீணாவது, பேட்டரியை அடிவரை இறக்கக் கூடாது என்பதெல்லாம் கழித்தால் கைக்கு வருவது 1,100, 1,200. லேப்டாப் 60 வாட், எல்.இ.டி. டியூப் 20, மோடம் 10, சாதாரண சீலிங் ஃபேன் 75, மொத்தம் 165. ஏழு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மூன்றரை நாலு மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கூவும். அந்த ஃபேனை மட்டும் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றுங்கள். மொத்தம் 120-க்கு இறங்கும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன் ஃபேனை மாற்றுவதே புத்திசாலித்தனம். ஒரு நிபந்தனை உண்டு: அன்றைக்கு ஹாலில் டி.வி.யும் அதே இன்வெர்ட்டரில் ஓடக் கூடாது. வேலை அறைக்குத் தனி லைன் இழுத்து வைத்தால் அன்றாடச் சண்டை ஒன்று மிச்சம்.

பில் கணக்கும் பார்த்துவிடுவோம். லேப்டாப் தினம் ஒன்பது மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். சாதாரண ஃபேன் 30 யூனிட். ஒரு டன் ஏ.சி. தினம் எட்டு மணி நேரம் ஓடினால் 300 யூனிட்டைத் தொடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் விதமே மாறி, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கான சலுகையும் குறைந்துவிடும். லேப்டாப்பால் பில் ஏறுகிறது என்று அப்பா குறைப்பட்டால், லேப்டாப் நிரபராதி. குற்றவாளி சுவரில் மாட்டியிருக்கிறது.

இன்டர்நெட்டுக்கு ஃபைபர் இணைப்பு டவுனைத் தாண்டியும் வந்துவிட்டது, பி.எஸ்.என்.எல்., தனியார் கம்பெனிகள், உள்ளூர் கேபிள்காரர் என்று ஏதோ ஒன்று கிடைக்கும். கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான். மோடத்தை வாசல் பக்கம் டி.வி. ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மூன்று சுவர் தள்ளி உட்கார்ந்து ‘நெட் ஸ்லோ’ என்பார்கள். வேலை மேசைக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட் வேறு கம்பெனி சிம்மாக இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் படுப்பது அபூர்வம்.

சத்தம்

குக்கர் விசில், மிக்ஸி, கீரைக்காரம்மா, எதிர்வீட்டு ரம்பம். இதையெல்லாம் நல்ல ஹெட்செட் ஓரளவு வடிகட்டும். மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும்போது தெருவுக்குத் தெரு கட்டும் குழாய் ரேடியோவை எந்த ஹெட்செட்டும் வடிகட்டாது. அந்த நாட்களில் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி, முக்கியமான மீட்டிங்கைத் தள்ளி வைத்துக்கொள்வதுதான் வழி. லீவு போட்டுத் திருவிழாவுக்குப் போவது அதைவிட நல்ல வழி.

அறைக்குள் எதிரொலி அதிகமாக இருந்தால் காரணம் காலிச் சுவரும் டைல்ஸ் தரையும். பாய் விரித்து, கனமான பருத்தித் திரை போட்டு, ஒரு பக்கம் புத்தக அலமாரி வைத்தால் குரல் அடங்கும். ஆன்லைன் கிளாஸ் ரெக்கார்டு செய்கிறவர்களுக்கு ஒரு தந்திரம்: பீரோவைத் திறந்து வைத்து, அடுக்கிய சேலைகளைப் பார்த்துப் பேசுங்கள். ஸ்டுடியோ தோற்கும்.

அறை யாருக்கு?

இத்தனையும் சொன்ன பிறகு கேட்க வேண்டிய கேள்வி. கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் குடும்பத்தில், கதவு உள்ள அறை யாருக்குப் போகிறது? பல வீடுகளில் பதில் தெரிந்ததே. அவர் அறைக்குள், அவள் டைனிங் டேபிளில், அடுப்பு கண்ணில் படும் இடத்தில். மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள்; வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். டைனிங் டேபிளில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரிடம்தான் “கேஸ்காரன் வந்திருக்கான்”, “பால் பொங்குது”, “தாத்தாவுக்கு மாத்திரை குடுத்தாச்சா” எல்லாம் போய்ச் சேரும். கண்ணெதிரே இருப்பவளைக் கூப்பிடுவது எல்லோருக்கும் சுலபம்.

ஆகவே மேசை, நாற்காலி, திரை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவை. ஒரே அறைதான் இருக்கிறதென்றால் மணிக்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள், அதைக் காலண்டரில் எழுதி ஹாலில் மாட்டுங்கள். மாமியாரும் பிள்ளைகளும் அதைப் பார்க்க வேண்டும். அறையே கிடைக்காத வீட்டில், ஹாலின் மூலையை இரண்டு பீரோவை வைத்துத் தடுத்தாலும் அது ஓர் இடம். தைக்கிற பெண்கள் ஜன்னலோரத்தில் மெஷினைப் போட்டு, “இது என் இடம்” என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். அந்த உரிமை லேப்டாப் வைத்திருக்கும் மருமகளுக்கு இன்னும் சில வீடுகளில் வரவில்லை.

அலங்காரம்

இதை இவ்வளவு பின்னால் வைத்ததற்கு மன்னிக்கவும், கொஞ்சமாகத்தான் சொல்லப் போகிறேன். சுவருக்கு வெளிர் நிறம், அரைவெள்ளையோ பிஸ்கட்டோ. கிளிப்பச்சை, ரோஸ் எல்லாம் டியூப் லைட்டில் உங்கள் முகத்தின் மேல் வந்து படியும், வீடியோவில் பார்ப்பவர் உடம்பு சரியில்லையா என்று கேட்பார். சின்னாளபட்டிச் சுங்குடித் துணியில் ஜன்னல் திரையும் மெத்தை உறையும் தைத்தால் அறைக்கு ஒரு முகம் வந்துவிடும். பருத்தி என்பதால் காற்றும் போகும், துவைக்கவும் லேசு. புள்ளி பெரிதாக உள்ளதைக் கேமராவுக்குப் பின்னணியாகப் போட வேண்டாம், கண்ணைப் பறிக்கும். தினசரி காலண்டர், சாமி படம், மாமாவின் கல்யாண போட்டோ எல்லாம் இருக்கட்டும், தலைக்கு நேர் பின்னால் வேண்டாம். ராகுகாலம் உங்கள் தலையிலிருந்து முளைத்த மாதிரி தெரியும்.

செடி என்றால் மருளும் சோற்றுக்கற்றாழையும். பெங்களூருக்குப் போய் நாலு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். தண்ணீருக்குப் பஞ்சப்பட்டே பழகிய இந்த ஊரில் தாகமெடுக்கும் அலங்காரச் செடி வாங்குவது பாவம். டேபிளில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தால் முக்கால் மணிக்கொரு தரம் எழுந்திருக்கவும் அதுவே காரணம் ஆகும். மதியம் சீரகச் சம்பா பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி மீட்டிங்கில் கேமராவைத் திறக்காதீர்கள். அதற்கு எந்த நாற்காலியும் பொறுப்பேற்காது.

போர்டு மாட்டுவதற்கு முன்

கம்பெனிச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் இதைப் படிக்க வேண்டாம். சொந்தமாக ஏதாவது செய்கிறவர்கள், வரிக்கணக்கு பார்ப்பவர், டிசைனர், ஆலோசகர், வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டும் யோசனையில் இருந்தால் சில விஷயங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடக்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது. பதிந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். ஜி.எஸ்.டி. பதிவுக்கு வீட்டு முகவரியையே கொடுக்கலாம். கரண்ட் பில்லோ வீட்டுவரி ரசீதோ வேண்டும், வீடு அப்பா பெயரில் இருந்தால் அவர் சம்மதக் கடிதமும் வேண்டும்.

மின் இணைப்பு விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு. தொழில்முறை வல்லுநர் ஒருவர் தன் வீட்டை ஒட்டி வைத்திருக்கும் ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால், அதற்கும் வீட்டுக் கட்டணமே போதும் என்கிறது தமிழ்நாட்டு மின்கட்டணப் பட்டியல். பத்துக்கு இருபது அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு பீரோ தாராளமாகப் பிடிக்கும். அதைத் தாண்டி ஹாலையும் சேர்த்து ஆபீஸாக்கினால் வணிகக் கட்டணப் பேச்சு வரும். ஆகவே சுவரை இடிப்பதற்கு முன் டேப்பை எடுத்து அளந்துகொண்டு, உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நெசவாளர் வீட்டுக் கைத்தறிக்கும் இதே வீட்டுக் கட்டணப் பட்டியலில்தான் இடம். அவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 ஆக உயர்ந்தது.